வாடு, வாட்டு: அகராதியில் ஒரு பதிவா, இரண்டா?

கேள்வி: தேயிலைத் தொழிலில் புழங்கும் வினைச்சொற்களை வைத்து, தமிழ் வாக்கியங்களைப் பகுக்கும் சிறிய கணினி இலக்கணம் ஒன்றை மாணவர்களுடன் தயாரிக்கிறேன். வாடு–வாட்டு போன்ற சோடிகளைத் தனித்தனியே பதிவதா, ஒரு சொல்லை அதன் இணையோடு தொடர்புபடுத்தும் சொல்விதி ஒன்றை எழுதினால் போதுமா? – ஆசிரியை, ஹட்டன்

பதில்: இரண்டையும் பதியுங்கள், விதியையும் எழுதுங்கள். ஆனால் அந்த விதி தானாகச் சொற்களை உண்டாக்க இடங்கொடாதீர்கள்.

கொழுந்து வாடுகிறது, தொழிற்சாலையில் அதை வாட்டுகிறார்கள். உருள்–உருட்டு, திரும்பு–திருப்பு ஆகியவையும் இப்படித்தான். தன்வினையின் எழுவாய் பிறவினையில் செயப்படுபொருளாகிறது. செய்விப்பவர் புதிதாக வந்து சேர்கிறார். இதுவரை விதி அழகாக ஓடும். 'காய்' வந்ததும் இடறும். காய்ச்சு என்ற இணை அதற்கு உண்டு. ஆனால் பாலைத்தான் காய்ச்சுவோம், தேயிலையைக் காய வைப்போம். 'புளி'க்கோ அப்படியோர் இணையே கிடையாது.

இதுபோன்ற ஒழுங்கின்மைதான் 1970இல் மொழியியலாளர் நோம் சொம்ஸ்கியை, வினையிலிருந்து பிறக்கும் பல பெயர்ச்சொற்களைத் தொடரியல் (வாக்கிய அமைப்பு) மாற்றங்களுக்குள் அடக்காமல் சொற்களஞ்சியத்திடம் ஒப்படைக்க வைத்தது. 1975இல் இன்னொரு மொழியியலாளர் ரே ஜாக்கென்டாஃப் இன்னும் தெளிவாகச் சொன்னார்: இரு சொற்களும் முழுமையாகவே பதிவாகியிருக்கும், அவற்றுக்கிடையே எவ்வளவு செய்தி பொதுவானது என்பதை மட்டும் விதி காட்டும். உங்கள் சோடிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

விதிவிலக்கு உள்ளது சொல்விதி, இல்லாதது தொடரியல் விதி என்று சில பாடக்குறிப்புகள் கோடு கிழிக்கும். அதை நம்பிவிடாதீர்கள். மொழியியலாளர் ஜோன் பிரெஸ்னன் தாராளமாக இயங்கும் செயப்பாட்டுவினையையே சொல்விதியாக அமைத்தார். 'பறி'யின் பதிவில் பறிப்பவர் எழுவாய், கொழுந்து செயப்படுபொருள். விதி கொழுந்தை எழுவாயாக உயர்த்தும். பறிப்பவருக்கு 'ஆல்' உருபைக் கொடுக்கும், அல்லது அவரை விட்டுவிடும். சொல்வடிவத்தைப் 'பறிக்கப்படு' என்று மாற்றும். இங்கே மட்டும் விதியே சொல்லை உண்டாக்கட்டும். பறிக்கப்படு, நிறுக்கப்படு என்று கையால் பதிந்துகொண்டிருப்பது வீண்வேலை.

'பறிக்க வை' வேறு கதை. 'பறிக்கவும் வைத்தார்' என்று நடுவில் 'உம்' நுழைகிறது. ஆகவே அதை இரு சொற்களாகக் கொண்டு தொடரியலிலேயே கையாளுங்கள்.

வாடு–வாட்டு சோடிகளுக்கு எழுதிய விதியை எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள். 'கூட்டு' என்று கொடுத்தால் 'கூடு' வரும், சரி. கவ்வாத்துக் கத்தியை (செடியைக் கத்தரிக்கும் கத்தியை) 'தீட்டு' என்று கொடுத்தால் 'தீடு' வரும். அப்படி ஒரு வினை தமிழில் இல்லை. அத்தகைய சொற்களுக்கு 'இணையற்றது' என்று பதிவிலேயே ஒரு குறி போட்டுவிடுங்கள்.