மல்டிட்ராக் ரெக்கார்டரில் எந்த ஃபார்மேட், எந்த செட்டிங்? கேள்வி பதில்

பல மைக்குகளின் ஒலியைத் தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்யும், கையில் எடுத்துப்போகும் மல்டிட்ராக் ரெக்கார்டர் பற்றி வடசென்னை நண்பர்கள் கேட்டவை இவை. கானா குழுக்களுக்கு ஒலிப்பதிவு செய்துதருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வியாசர்பாடி கானா குழுவிலிருந்து: அண்ணா, பாட்டு, டோலக், சட்டி, கீபோர்டு என்று நாலு ட்ராக். மெனுவில் 44.1/16 முதல் 96/24 வரை இருக்கிறது. பெரிய நம்பரையே வைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. வேவ் ஃபைல் (ஒலியைச் சுருக்காத வகை), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். முதல் எண், நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்பது. இரண்டாவது, ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது. வைத்துவிட்டு அந்த மெனுவை மறந்துவிடுங்கள்.

48-இல் பதிவு செய்தால் ஏறக்குறைய 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகும். நல்ல காதுக்கே 20-க்கு மேல் கேட்காது. ஸ்பீக்கர் பக்கத்திலேயே வளர்ந்த நம் காதுக்கு அதுவும் சந்தேகம்தான். 96 வைத்தால் மெமரி கார்டுதான் இரண்டு மடங்கு வேகமாக நிறையும்.

பிட் விஷயம் வேறு. அதில் கஞ்சத்தனம் கூடாது. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலமான ஒலிக்கும் இடையே கிடைக்கும் இடம், ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் கணக்கு. 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. கருவியின் சொந்த இரைச்சலால் அந்த 144 முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் லெவலைத் தாராளமாகக் குறைத்து வைக்க இடம் கிடைக்கிறதே, அதுதான் லாபம். டோலக் வாசிப்பவர் ஒத்திகையில் ஒரு மாதிரி அடிப்பார். கூட்டம் விசிலடித்ததும் வேறு மாதிரி அடிப்பார். அதனால் ஒத்திகையில் அவருடைய பலமான அடியே மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி (பூஜ்யம்தான் உச்சி) கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, வையுங்கள். குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உச்சியில் முட்டி உடைந்த ஒலியை முழுசாக மீட்க வழி இல்லை.

பெரம்பூரிலிருந்து: 32 பிட் ஃப்ளோட் இருந்தால் கெயினே பார்க்க வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. இந்த வகை ஃபைல் மிகப் பெரிய ஒலியளவையும் எண்ணில் அடக்கிவிடும், அதனால் ஃபைலுக்குள் உச்சி முட்டாது, சரி. ஆனால் அதற்கு முன்னாலேயே மைக் திணறியிருந்தால்? மேடை மிக்ஸரிலிருந்து வரும் லைனே உடைந்து வந்தால்? அந்த உடைசல் அப்படியே துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான். ஃபைல் 24 பிட்டைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிசாகவும் இருக்கும். ஒற்றை ஆளாய் வீடியோவும் ஒலியும் பார்க்கிறவருக்கு இது பெரிய நிம்மதி. கானா குழுவுக்கு அந்த வசதிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு நல்ல மைக் வாங்கச் சொல்வேன்.

ராயபுரம், கல்யாண வீடியோக்காரர்: 64 ஜிபி கார்டு எவ்வளவு நேரம் தாங்கும்? நடுவில் ஃபைல் தானே இரண்டாகப் பிரிகிறதே, கோளாறா?

48/24-இல் ஒரு மோனோ (ஒற்றைச் சேனல்) ட்ராக் மணிக்குச் சுமார் 518 எம்பி. நாலு ட்ராக்குக்கு 2 ஜிபி சொச்சம். ஆக 64 ஜிபியில் சுமார் 30 மணி நேரம் ஓடும். அதற்குள் பேட்டரி பலமுறை செத்துவிடும். ஃபைல் பிரிவது கோளாறு அல்ல. வழக்கமான வேவ் ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில கருவிகள் 2 ஜிபியிலேயே வெட்டும். எடிட்டில் அடுத்தடுத்து ஒட்டவைத்தால் போதும். பழைய கருவிகள் 32 ஜிபிக்கு மேல் கார்டை ஏற்காது, பார்த்து வாங்குங்கள். கார்டை அழித்து ஃபார்மேட் செய்வதை எப்போதும் ரெக்கார்டரிலேயே செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம்.

அவரே: போன் வீடியோவோடு ஒட்டினால் முகூர்த்தம் வரும்போது உதடு தப்புகிறது.

ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே தனிக் கடிகாரம். இரண்டும் துளித்துளியாக விலகும். போதாததற்குப் பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. வீடியோவுக்கு 48-தான் வழக்கம், அதையே வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவில் ஒரு கைத்தட்டு. இரண்டையும் பொருத்தி ஒலியை லேசாக இழுத்தாலோ சுருக்கினாலோ சரியாகும். நீளமான பதிவென்றால் நடுவில் வெட்டி வெட்டிப் பொருத்துவதே எளிது.

திருவொற்றியூர், கல்லூரி மாணவி: பாட்டியின் பழைய கதைகளைப் பதிவு செய்கிறேன். எம்பி3 போதாதா அண்ணா?

கேட்பதற்குப் போதும் தங்கச்சி. 320 கேபிபிஎஸ்-இல் மணிக்கு 144 எம்பிதான். ஆனால் பின்னால் கன்டெய்னர் லாரி இரைச்சலைக் குறைக்க நினைப்பாய். எம்பி3 வெட்டி எறிந்த பகுதிகள் அப்போது குரலில் ஒரு தண்ணீர்ச் சத்தம்போலத் தெரியும். வேவ் மோனோவில் பதிவு செய், ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை) ஆக மாற்றிச் சேமி. எதுவும் இழக்காமல் பாதி அளவுக்கு அருகில் வரும். உறவினருக்கு அனுப்ப மட்டும் எம்பி3.

காசிமேட்டிலிருந்து: மீன் ஏலத்தைப் பதிவு செய்ய லோ கட் போட்டேன், காற்று அப்படியே அடிக்கிறது.

காற்று மைக்கின் சவ்விலேயே மோதுகிறது. லோ கட், அதாவது தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு வாங்குங்கள். அதன்மேல் 80 ஹெர்ட்ஸ் லோ கட் போட்டால் மிச்சமுள்ள உறுமலும் அடங்கும். டோலக் ட்ராக்கில் மட்டும் அதைப் போடாதீர்கள், அடியின் கனம் போய்விடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: ஸ்டாப் அழுத்தும் முன் பேட்டரி போய்விட்டது. ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை.

அந்தக் கார்டில் இனி எதையும் பதிவு செய்யாதீர்கள். ஃபைலின் தலைப்புப் பகுதி முழுசாக எழுதப்படவில்லை, அவ்வளவுதான். கார்டைத் திரும்ப ரெக்கார்டரில் போட்டுப் பாருங்கள். சில கருவிகள் தாமே சரிசெய்துவிடும். இல்லையென்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் 'ரா டேட்டா' (தலைப்பு இல்லாத வெறும் தரவு) இறக்குமதி: 24 பிட், லிட்டில் எண்டியன் (பைட்டுகளின் வரிசை முறை), 48000, மோனோ. வெறும் இரைச்சல் கேட்டால் இவற்றில் ஏதோ ஒன்று தப்பு, மாற்றிப் போடுங்கள். ஃபைல் அளவே பூஜ்யம் என்று காட்டினால் இந்த வழி உதவாது, தரவு மீட்பு மென்பொருள்தான்.