குயில்டிங்குக்கு வீட்டு மெஷின் பத்தலன்னா அடுத்து எத வாங்கறது?

பழைய நூல் சேலைய வெட்டி ஒட்டுப்போட்டு நடுவுல பஞ்சு வச்சு போர்வை தைக்கிறேன், வீட்டு ஜிக்ஜாக் மெஷின்ல தையல் விட்டு விட்டு விழுது, மோட்டர் சூடாகுது, ஹெவி டியூட்டின்னு போட்டிருக்கற மெஷின் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நானும் இதையெல்லாம் பட்டுட்டு வந்தவதான், அதனால சொல்றேன், அவசரப்பட்டு காசக் கொட்டாதீங்க.

முதல்ல ஊசிய மாத்துங்க. மெஷினோட வந்த 11 நம்பர் ஊசிய வச்சு பஞ்சுல குத்துனா தையல் தாண்டத்தான் செய்யும், 14 போடுங்க, ரொம்ப கனமா இருந்தா 16. அடுத்தது வாக்கிங் ஃபுட், ஊசிகிட்ட துணிய அமுக்கிப் பிடிக்கற ஃபுட்டுல அது ஒரு வகை. சாதாரண ஃபுட்டுல அடித்துணிய மட்டும்தான் தகட்டுல இருக்கற பல்லு இழுக்கும், மேல் துணி நின்ன இடத்துலயே நின்னு கடைசில சுருங்கிப் போயிரும். வாக்கிங் ஃபுட்டுக்கு மேலயும் பல்லு இருக்கறதால மூணு அடுக்கும் ஒண்ணா நகரும். எனக்கு இது ரெண்டுலயே முக்கால்வாசி பிரச்சனை சரியாயிருச்சு.

சரியாகாதது எதுன்னா, இடம். வீட்டு மெஷின்ல ஊசிக்கும் வலது பக்க கம்பத்துக்கும் நடுவுல ஆறு, ஆறரை இன்ச்தான் இருக்கும். டபுள் காட் போர்வைக்கு நடுவுல தைக்கறப்ப பாதிப் போர்வைய சுருட்டி அந்த சந்துக்குள்ள திணிக்கணும், அது பாய் சுருட்டுன மாதிரி விறைப்பா நின்னுக்கிட்டு துணிய பின்னாடி இழுக்கும், நாம முன்னாடி தள்ளுவோம், ஊசி வளைஞ்சு தகட்டுல பட்டு டொக்குனு உடையும். ஹெவி டியூட்டின்னு எழுதியிருக்கற வீட்டு மெஷின் பலதுலயும் வேகம் கூட இருக்கே தவிர சந்து அதேதான், அதனால அது எனக்கு சரிப்படல.

நான் எடுத்தது திருப்பூர்ல செகண்ட் ஹேண்ட் பவர் மெஷின், பனியன் கம்பெனில சிங்கர் மெஷின்னு சொல்வாங்களே அந்த ஒத்த ஊசி மெஷின்தான். டேபிள், மோட்டரோட சேர்த்து 17,000 ஆச்சு. சந்து பத்து இன்ச்சுக்கு மேல, போர்வை டேபிள் மேலயே கிடக்கறதால தோள்பட்டை வலியும் போச்சு. ஆனா கிளட்ச் மோட்டர் மட்டும் வாங்கிடாதீங்க, அது சும்மா இருக்கறப்பவும் உர்ர்னு ஓடிட்டே இருக்கும், கால் லேசா பட்டாலே பறக்கும். சர்வோ மோட்டர்னு கேளுங்க. மெஷின் நிமிஷத்துக்கு 5,000 தையல் ஓடக்கூடியதா இருந்தாலும் வேகத்த நல்லா குறைச்சு வச்சுக்கலாம், மிதிச்சா மட்டும்தான் சத்தமும் வரும்.

வந்த அன்னைக்கு நான் பட்ட பாடு இருக்கே! வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கும், தப்பா மாட்டறது கஷ்டம். பவர் மெஷின் ஊசித் தண்டு உருண்டை, எந்தப் பக்கம் வேணா திரும்பும். நீளமான பள்ளம் இடது பக்கம் பாத்து இருக்கணும், நூலையும் இடதுலருந்து வலதுக்கு கோக்கணும். நான் பழக்கத்துல முன்னாடியிருந்து பின்னாடி கோத்துட்டு சாயங்காலம் பூரா நூல் அறுந்து அறுந்து அழாத குறை. அதோட ரொம்ப நாள் சும்மா நின்ன மெஷின்ல ஊசி வழியா எண்ணெய் சொட்டும், போர்வையோட பின்பக்கத்துக்குப் போட்ட வெள்ளை வேட்டில மூணு பொட்டு இன்னும் இருக்கு. இப்பல்லாம் பத்து நிமிஷம் கந்தல் துணில ஓட்டிட்டுத்தான் போர்வைய வைப்பேன்.

இதுல ஜிக்ஜாக் கிடையாது, வீட்டு மெஷின் மாதிரி சட்டுனு பல்ல இறக்கிட்டு துணிய கையால இஷ்டத்துக்கு நகர்த்தி பூ, கொடின்னு தைக்கற ஃப்ரீ மோஷனும் பண்ண முடியாது, நேர்கோடு மட்டும்தான். அதனால பழைய மெஷின வித்துடாதீங்க. டேபிள் 4 அடி நீளம், டேபிள் மேல உக்கார்ற மெஷின் தலை மட்டுமே 25 கிலோவுக்கு மேல, மாடி வீடுன்னா யோசிச்சுக்கோங்க. இடம் இல்லன்னா அந்தக் காலத்து கறுப்பு இரும்பு மெஷின் தேடுங்க, சந்து பெருசா கிடைக்காது, ஆனா தடிமனுக்கு அசராது, மோட்டரும் மாட்டிக்கலாம்.

எத வாங்குனாலும் கடைக்குப் போறப்ப உங்க சேலைத் துணி, பஞ்சு, பின்துணி மூணையும் அடுக்கி ஒரு முழம் எடுத்துட்டுப் போங்க. அவங்க குடுக்கற காட்டன் துண்டுல எல்லா மெஷினும் அழகாத்தான் தைக்கும். உங்க துணில நாலு ஒட்டு சேர்ற மூலைய ஊசிக்கு நேரா வச்சு, கையால சக்கரத்த மெதுவா சுத்திப் பாருங்க, அங்க திணறுச்சுன்னா அடுத்த மெஷின காட்டச் சொல்லுங்க.