பைத்தான் புரோகிராமை எக்ஸ்இ ஆக்கும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடைக்கு பில் போடும் புரோகிராமைப் பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலரில் (பைத்தான் புரோகிராமை எக்ஸ்இயாகக் கட்டும் கருவி) ஒரே எக்ஸ்இ ஃபைலாக்கிக் கொடுத்தேன். ஓடுகிறது. ஆனால் மூடித் திறந்தால் போட்ட பில் ஒன்றுகூட இல்லை. பில்களைச் சேமிக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸையும் ஆட்-டேட்டா (கூடுதல் ஃபைல்களைச் சேர்க்கும் ஆப்ஷன்) கொடுத்து உள்ளே சேர்த்துத்தான் இருக்கிறேன்.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உள்ளே சேர்த்ததுதான் வினை. ஒன்ஃபைல் எக்ஸ்இ (எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடைத்தது) கட்டுச்சோறு மாதிரி, பிரித்தால்தான் சாப்பிட முடியும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் டெம்ப் ஃபோல்டரில் பிரித்துவைத்து ஓடுகிறது. மூடியதும் துடைத்துவிட்டுப் போகிறது. நீங்களே பார்க்கலாம். புரோகிராமைத் திறந்துவைத்து, விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே டெம்ப் என்று அடியுங்கள். அடிக்கோட்டுக்குப் பின் எம்இஐ என்று தொடங்கி எண்களில் முடியும் ஃபோல்டர் ஒன்று இருக்கும். பில்கள் அதற்குள் உள்ள டேட்டாபேஸில்தான் பதிவாகின்றன. புரோகிராமை மூடினால் ஃபோல்டரோடு போய்விடும். அடுத்த முறை நீங்கள் கட்டிவைத்த காலி டேட்டாபேஸ் மறுபடி வெளியே வரும்.

எனவே கடையில் இப்போது புரோகிராம் திறந்திருந்தால் மூட வேண்டாம். புது பில் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த ஃபோல்டரிலிருந்து டேட்டாபேஸை வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். கரண்ட் போனதாலோ டாஸ்க் மேனேஜரில் நிறுத்தியதாலோ பாதியில் நின்ற நாட்களின் ஃபோல்டர்கள் அழியாமல் கிடக்க வாய்ப்புண்டு. அவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

இனி, படிக்க மட்டும் வேண்டியவை (ஐகான், ஃபான்ட், பில் மாதிரி) உள்ளே இருக்கட்டும். அவற்றின் பாதையை சிஸ் மாட்யூலின் மெய்பாஸ் (முன்னால் ஓர் அடிக்கோடு) தரும். எழுத வேண்டியது எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. டேட்டாபேஸை ஆப்டேட்டாவில் (புரோகிராம்களின் தகவலை வைக்க விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் தரும் ஃபோல்டர்) உங்கள் புரோகிராம் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள். எக்ஸ்இ பக்கத்திலேயே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவினால் அட்மின் உரிமை இல்லாமல் அங்கே எழுத முடியாது. திறக்கும்போது, ஆப்டேட்டாவில் டேட்டாபேஸ் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் உள்ளிருந்து காலி டேட்டாபேஸைக் காப்பி செய்ய வேண்டும். 'இல்லாவிட்டால்' என்ற அந்த ஒரு வரியை விட்டால் மறுபடி இதே கதைதான்.

கேள்வி: என் எக்ஸ்இயை வாடிக்கையாளரின் ஆன்ட்டிவைரஸ் அழித்துவிடுகிறது. ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள். பைஇன்ஸ்டாலரில் கட்டிய எல்லா எக்ஸ்இக்கும் முன்பகுதியில், முதலில் ஓடி மற்றதைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற ஒரே துண்டுதான். வைரஸ் எழுதுகிறவர்களும் அதே கருவியைப் பயன்படுத்துவதால் உங்களுடையதும் அதே சாயலில் தெரிகிறது. டெம்பில் பிரித்து ஓடுவது சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஒன்ஃபைலை விட்டு ஒன்டிர் முறையில் ஃபோல்டராகக் கட்டி, இன்னோ செட்டப் என்ற கருவியில் இன்ஸ்டாலராக்கிக் கொடுங்கள். திறக்கும் வேகமும் கூடும். எக்ஸ்இயின் அளவைக் குறைக்கும் யூபிஎக்ஸ் சுருக்கம் வேண்டாம். அப்படியும் பிடித்தால், சி கம்பைலர் வைத்துப் பூட்லோடரை நீங்களே கட்டிப் பாருங்கள். தவறாகப் பிடித்ததாக ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்துக்கு ஃபைலை அனுப்பவும் வழி உண்டு. நிறையப் பேருக்கு விற்பதானால் கோட் சைனிங் சான்றிதழுக்கு (ஃபைல் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) செலவழிப்பது தகும்.

கேள்வி: டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் பைத்தானில் ஓடுகிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: விண்டோட் ஆப்ஷன் (கறுப்புக் கன்சோல் ஜன்னல் வராமல் செய்வது) கொடுத்திருப்பீர்கள், அதனால் பிழைச் செய்தி கண்ணில் படாமல் போகலாம். அதை எடுத்துவிட்டுக் கட்டி, கமாண்ட் பிராம்ப்டிலிருந்து ஓட்டுங்கள். மாட்யூல் கிடைக்கவில்லை என்று வந்தால், அந்தப் பெயரை பைஇன்ஸ்டாலரின் ஹிடன்-இம்போர்ட் ஆப்ஷனில் கொடுங்கள். ஓடும்போது பெயரைக் கோத்து இம்போர்ட் செய்யும் லைப்ரரிகளை பைஇன்ஸ்டாலரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: லினக்ஸில் கட்டி விண்டோஸ் 7-க்குக் கொடுக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியாது. விண்டோஸ் எக்ஸ்இயை விண்டோஸில்தான் கட்ட வேண்டும். விண்டோஸ் 7-க்குப் பைத்தான் 3.8 தான் கடைசி, 3.9-இல் கட்டியது அங்கே திறக்காது. கடையில் இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 32 பிட் பைத்தானில் கட்டுங்கள்.