அம்மாவைக் கேட்டீர்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடம் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 57 வயது, கடலில் பாசி எடுக்கப் போகிறவர். பத்து வருடமாகச் சுகர். போன வருடம் இதயத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கொரோனா ஊசி போடலாம் என்றால், நடிகர் விவேக் விஷயத்துக்குப் பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை. சுகர் குறைந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். சரிதானா?

க.
ஜூன் 2021

அன்புள்ள க.,

வைத்தியம் சொல்ல நான் ஆளில்லை. மாத்திரை அட்டைகளோடு ஸ்டென்ட் வைத்த டாக்டரை ஒருமுறை பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நர்ஸிடம் சொன்னால் குத்திய இடத்தைக் கூடக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார். முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். விவேக் ஏப்ரல் 15 அன்று போட்டுக்கொண்டார், 17 அன்று போய்விட்டார். அது தனியாக வந்த மாரடைப்பு என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். பாவம், ஜனங்கள் பயப்படாமல் வரட்டும் என்றுதான் அவர் போட்டுக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லியே நாம் பின்வாங்குகிறோம்.

பத்து வருடமாகக் குறையாத சுகர் இந்த ஆடிக்குள் குறைந்துவிடுமா? மார்ச் 1 அன்று, அறுபது தாண்டியவர்களோடு சேர்த்து யாரைக் கூப்பிட்டார்கள்? 45 வயதுக்கு மேல் சுகர், இதயநோய் என்று இருந்தவர்களைத்தான். அந்த மாதிரி உடம்பில்தான் கொரோனா அதிகம் விளையாடுகிறது. முன்னால் நிற்க வேண்டியவரை நீங்கள் பின்னால் இழுத்து வைத்திருக்கிறீர்கள்.

சரி, என்னைக் குடைவது வேறு. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் பயம் இருக்கிறது, உங்கள் தைரியம் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை.

என் அப்பத்தா இலங்கைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவள். மண்டபம் ஸ்டேஷனுக்கு அடுத்ததற்கு இன்னமும் மண்டபம் கேம்ப் என்று பெயர் இருக்கிறதே, அந்தக் கேம்ப் வழியாகத்தான். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு வருகிற கூட்டத்தை அங்கே சில நாள் வைத்திருந்து, அம்மை குத்தி, காலரா இல்லை என்று பார்த்து, அப்புறம்தான் தனுஷ்கோடியில் கப்பலேற்றுவார்கள். அப்பத்தாவின் மேற்கையில் நாலணா அகலத்துக்கு இரண்டு தழும்புகள். சின்ன வயதில் அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன்; அந்த இடம் மட்டும் வாழைச்சருகு மாதிரி சுருங்கி வழுவழுவென்று இருக்கும். வலித்ததா என்று கேட்டால், "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. என்னத்துக்குன்னு ஒருத்தன் சொன்னானா? மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி கையப் புடிச்சு இழுத்தான்" என்பாள்.

அதே அப்பத்தாதான், ஊருக்குள் அம்மை குத்த ஆள் வந்தால் எங்களை வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவாள். மாரியாத்தா கோபிப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்தினால் போய்த் தட்டுவாள். (எங்களைக் கேட்டாளா என்றால், இல்லை.) ஊசியின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. கேட்காமல் கையைப் பிடித்ததைத்தான் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் பிடித்து இழுத்தான், இன்றைக்கு நீங்கள் பிடித்து நிறுத்துகிறீர்கள். கை யாருடையது தம்பி?

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாசி பிய்க்கிற பெண். கடலடிப் பாறை கிழித்த கால் சுகர் உடம்பில் ஆற எத்தனை நாளாகும் என்று அவருக்குத் தெரியாதா? கடலுக்குள் இறங்க உங்களிடம் உத்தரவு வாங்குகிறாரா? ஊசிக்கு மட்டும் உங்கள் தைரியம் எதற்கு?

இன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது கேளுங்கள். சரி என்றால் பாசிக்குப் போகாத நாளாகப் பாருங்கள். கை கனக்கும், காய்ச்சல் அடிக்கலாம். போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள், கூடவே உட்காருங்கள். ஆமாம், நீங்கள் போட்டுக்கொண்டாயிற்றா? அதையும் எழுதவில்லையே.