பழமொழிக்கும் ஊர் இருக்கிறது

தங்கச்சி, கனடாவின் ஒன்ராறியோவில் ஆசிரியர் பதிவு கிடைத்துவிட்டதாம், சந்தோசம். பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆபிரிக்கப் பழமொழியையும் இங்குள்ள பூர்வகுடிகளின் கதையையும் வைத்து எப்படிப் படிப்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். சம்பளம், வாடகை, குளிர்ச்சட்டை பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை விடுங்கள்.

முதலில், பலகையில் "ஆபிரிக்கப் பழமொழி" என்று எழுதாதீர்கள். அங்கே 54 நாடுகள். யாருடையது என்று தெரிந்தால் மட்டும் எடுங்கள். "ஒரு பிள்ளையை வளர்க்க ஓர் ஊரே வேண்டும்" என்று பாடசாலைச் சுவரெல்லாம் தொங்கும். அது எந்த மக்களின் சொல் என்று யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. சுவாகிலியில் "ஒற்றைக் கை பிள்ளை வளர்க்காது" என்று இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். "கொஞ்சம் கொஞ்சமாய்க் கொத்து (அரிசி அளக்கும் அளவை) நிறையும்" என்பதும் அவர்களுடையதுதான். நான் அதைக் கணக்குப் பாடத்தில், எத்தனை கரண்டி அரிசிக்கு ஒரு கிண்ணம் நிறையும் என்று அளக்கும்போது சொல்லுவேன்.

இன்னொன்று. சொல்லிவிட்டுக் கறுப்புப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து "உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்காதீர்கள். அவன் பிறந்தது இங்கே, ரொறன்ரோவின் ஸ்காபரோவில். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரவில் அலுவலகம் கூட்டித் துடைத்த காலத்தில், பகலில் ஒரு பாடசாலையில் சும்மா உதவிக்குப் போனேன். பல்கலாசார நாள் வந்தால் சேலை கட்டி, சமோசாவோடு வரச் சொல்வார்கள். மற்ற நாட்களில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சமோசா எங்கள் ஊர்ப் பலகாரமே இல்லை!

இனி பூர்வகுடிக் கதை. இங்குள்ள பூர்வகுடிகளில் அனிஷினாபே மக்கள், நானபுஷ் என்ற தந்திரக்காரனின் கதைகளை நிலத்தில் பனி கிடக்கும் காலத்தில்தான் சொல்வது வழக்கம். ஜூன் மாதத்தில் எடுத்து வைக்காதீர்கள். இறகு ஒட்டித் தொப்பி செய்விக்கவும் வேண்டாம். அந்த மக்களின் பிள்ளைகளைப் பிடித்துப்போய் வதிவிடப் பாடசாலைகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்த நாடு இது. அதை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் என்னென்ன செய்யவேண்டும் என்று 94 அழைப்புகள் விடுத்ததே, அதில் பாடத்திட்டமும் உண்டு. கல்விச்சபையில் பூர்வகுடிக் கல்விப் பிரிவு இருந்தால் அவர்களிடம் கேட்டு, ஒரு மூத்தவரை வகுப்புக்கு அழையுங்கள். அழைக்கும்போது புகையிலை கொடுப்பது பல இடங்களில் முறை, அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

எங்கள் ஆட்கள் சிலர் "குறள் இருக்க இதெல்லாம் எதற்கு" என்பார்கள். கறுப்புப் பிள்ளைகள் அதிகம் என்று தங்கள் பிள்ளையின் பாடசாலையை மாற்றுகிறவர்களும் இவர்கள்தான். காதில் போடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது கானாவின் அகான் மக்களுடைய அனன்சிச் சிலந்தி. உலகத்து அறிவையெல்லாம் பானையில் அடைத்து, வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேறுவான், வழுக்கும். கீழே நிற்கும் மகன் "முதுகில் கட்டுங்கள் அப்பா" என்பான். கோபத்தில் பானை விழுந்து உடையும், அறிவு எல்லாருக்கும் சிதறும். அடிமைக் கப்பல்களோடு அனன்சி ஜமேக்காவுக்கும் போய்விட்டான். பேரனைக் கூட்டிப்போக வந்த ஜமேக்கா அம்மா ஒருத்தி கதவடியில் நின்று கேட்டுவிட்டு, நான் சொன்னது சப்பென்று இருக்கிறது என்று உள்ளே வந்து, குரல் மாற்றி மாற்றி முழுக்கச் சொன்னார். அன்று பிள்ளைகள் மணியடித்தும் எழும்பவில்லை. நான் இரவு வேலைக்குப் பிந்திப் போய் மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினேன்.