மெனோனைட் வம்சம் தேடுவோருக்கு: பழைய பைபிளும் கோர்ட்டுக் காகிதமும்

என் கணவர் வீட்டார் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் கவுண்டி (மாவட்டம்) மெனோனைட்டுகள், அதாவது ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 1760 வாக்கில் பிறந்த முன்னோர் ஒருவரின் ஞானஸ்நானப் பதிவை எந்தச் சபையில் கேட்பது?

எங்கே கேட்டாலும் கிடைக்காது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது என்பதுதான் அவர்கள் கொள்கையே. விவரம் தெரிந்த வயதில் தானாகக் கேட்டுப் பெற வேண்டும். பூவும் பறவையும் வரைந்த அழகான ஞானஸ்நானச் சான்றிதழ்களெல்லாம் பக்கத்து லூத்தரன், ரிஃபார்ம்டு சபைக் குடும்பங்களுடையவை; அந்தச் சபைகளில் குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. மாநில அரசு பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியதோ 1906-இல்தான். வீட்டு பைபிள் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று உறவினர்களிடம் விசாரியுங்கள்.

எங்களிடம் உள்ள பைபிள் 1743-இல் ஜெர்மன்டவுனில் அச்சானது. ஆனால் 1719 முதல் பிறந்த தேதிகள் எழுதியிருக்கின்றன. நம்பலாமா?

உங்களிடம் இருப்பது கிறிஸ்டோப் சாவர் அச்சிட்ட ஜெர்மன் பைபிள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1743-க்கு முந்தைய தேதிகள் நினைவிலிருந்தோ வேறொரு பைபிளைப் பார்த்தோ பிற்பாடு எழுதியவை. வரிக்கு வரி மையும் கையெழுத்தும் மாறினால் அவ்வப்போது எழுதியது என்று கொள்ளலாம். ஒரே மூச்சில் எழுதியது போலிருந்தால் எனக்குச் சந்தேகம்தான். இன்னொன்று: 1752-க்கு முன் கோர்ட்டு பின்பற்றிய ஆங்கிலேயர் கணக்கில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், ஜெர்மானியர் கணக்கில் ஜனவரி 1-இல். பிப்ரவரித் தேதியில் பைபிளும் கோர்ட்டும் ஓராண்டு முரண்பட்டால், இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும்.

தாய் உயிரோடிருக்க, பிள்ளைகளின் வழக்கு ‘அனாதைகள் நீதிமன்ற’த்தில் இருக்கிறதே?

தகப்பன் போனாலே போதும், சொத்துள்ள வீட்டின் சிறுபிள்ளைகள் அந்தக் கோர்ட்டின் பொறுப்புக்கு வந்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த காகிதக் கட்டு இதுதான். 14 வயது நிரம்பிய பிள்ளை கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம். சின்னவர்களுக்குக் கோர்ட்டே நியமிக்கும். யார் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே பிறந்த ஆண்டு ஓரளவு பிடிபடும். விதவை மறுமணம் செய்திருந்தால் புதிய குடும்பப் பெயரும் அங்கேயே கிடைக்கும்.

உயில் எழுதாமல் இறந்தவரானால் இன்னும் நல்லது (நமக்கு!). நிலத்தைத் துண்டு போடாமல் மதிப்புப் போட்டு ஒரு மகன் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது வழக்கம். 1794 வரை மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. பணம் வாங்கியவர்கள் எழுதித்தந்த விடுதலைப் பத்திரங்களைப் பத்திரப்பதிவுப் புத்தகத்தில் தேடுங்கள். பெண்பிள்ளைகள் அங்கே கணவர் பெயரோடு நிற்பார்கள். பைபிளில் ‘பார்பரா’ என்று மட்டும் இருந்தவள் எந்த வீட்டுக்குப் போனாள் என்பது அப்போதுதான் தெரியும்.

மெனோனைட்டுகள் கோர்ட்டுப் படியே ஏறமாட்டார்களாமே?

வழக்காடப் போகமாட்டார்கள், பாகம் பிரிக்கப் போயே ஆக வேண்டும். சத்தியம் மட்டும் செய்யமாட்டார்கள், ‘உறுதி கூறினார்’ என்றே எழுதியிருக்கும். குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும் அப்படியே என்பதால் அதை மட்டும் வைத்து மதத்தை முடிவு செய்யாதீர்கள்.

1725-இல் இறந்தவரின் உயில் லங்காஸ்டரில் இல்லையே?

லங்காஸ்டர் கவுண்டி உருவானதே 1729-இல்தான். அதற்கு முன் அது செஸ்டர் கவுண்டி. அங்கே பாருங்கள், பிலடெல்பியாவையும் விட்டுவிடாதீர்கள்.