யூரின் இன்ஃபெக்‌ஷனா? ஜிபிக்காக காத்திருக்காம பார்மசிக்கு போங்க

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாம்ல இருக்கேன், வயசு 29. ரெண்டு நாளா ஒண்ணுக்கு போறப்போ எரியுது, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன். ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான் கிடைச்சிருக்கு. அம்மா ஊர்லேர்ந்து கொடுத்துவிட்ட சிப்ரோ மாத்திரை நாலு இருக்கு, போட்டுக்கலாமா?

வேணாம்மா. சிப்ரோ தசைநாரை பாதிக்கலாம், அதனால மத்த ஆன்டிபயாடிக் எதுவும் சரிப்படலைன்னாதான் எழுதணும்னு 2024 ஜனவரில இங்க கட்டுப்பாடே போட்டாங்க. நாலு மாத்திரைல அரைகுறையா நிறுத்துறது வேற வம்பு.

அதே மாசம் 31ஆம் தேதி இங்கிலாந்துல பார்மசி ஃபர்ஸ்ட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, 16லேர்ந்து 64 வயசு வரைக்கும் பெண்களுக்கு சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன்னா பார்மசிஸ்டே ஆன்டிபயாடிக் கொடுக்கலாம், ஜிபி சீட்டு வேணாம். கவுன்டர்ல நாலு பேர் முன்னாடி எப்படி சொல்றதுன்னு கூச்சப்படாதீங்க, "பார்மசி ஃபர்ஸ்ட்டுக்கு வந்திருக்கேன், தனியா பேசணும்"னு சொன்னா போதும், உள்ள சின்ன ரூம் இருக்கும். முக்கியமா மூணு கேப்பாங்க: எரிச்சல் இருக்கா, ராத்திரி புதுசா எந்திரிக்கிறீங்களா, யூரின் கலங்கலா போகுதா. இதுல ரெண்டு இருந்தா பெரும்பாலும் மருந்து கிடைச்சிடும், உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கு. வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தா மறைக்காம சொல்லுங்க, அது வேற பிரச்சனையா இருக்கலாம்.

கொடுக்கிறது நைட்ரோஃப்யூரன்டாயின் 100 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, மூணு நாள். வெறும் வயித்துல போட்டா குமட்டும், ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டு போடுங்க. யூரின் பிரவுன் கலர்ல போனா பயந்துடாதீங்க, மருந்தோட கலர்தான் அது. எரிச்சலுக்குன்னு கடைல விக்கிற சிட்ரேட் பொடியை இதுகூட சேர்த்து குடிக்காதீங்க, மருந்தோட வேலையை கெடுத்துடும். பார்மசிஸ்ட் பாக்குறதுக்கு காசு கிடையாது, மருந்துக்கு மட்டும் வழக்கமான பிரிஸ்கிரிப்ஷன் சார்ஜ்.

கர்ப்பமா இருந்தாலோ, ஆறு மாசத்துல இது ரெண்டாவது தடவைன்னாலோ, கிட்னி பிரச்சனை இருந்தாலோ பார்மசில கொடுக்க மாட்டாங்க, ஜிபிதான். ஆம்பளைங்களுக்கும் அப்படித்தான். குளிர் ஜுரம், விலாவுக்கு கீழ முதுகுல வலி, வாந்தின்னா கிட்னிக்கு ஏறியிருக்கலாம், அன்னிக்கே 111க்கு (என்ஹெச்எஸ் மருத்துவ உதவி நம்பர்) அடிங்க. மருந்து ஆரம்பிச்சு 48 மணி நேரத்துல குறையலைன்னாலும் விடாதீங்க, ஜிபிக்கு போன் போடுங்க.

போறப்போ அந்த சிப்ரோவையும் கைல எடுத்துட்டு போங்க, வேண்டாத மாத்திரையை பார்மசிலயே வாங்கிப்பாங்க, சிங்க்ல கொட்ட வேணாம்.